ஹனோயில் கடைசி இரண்டு நாள்: சாப்பிட்ட கடைக்கே திரும்பப் போங்கள்

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். இன்னும் பார்க்காத இடங்களுக்குப் பட்டியல் போட்டு, அத்தனையையும் அந்த இரண்டு நாளுக்குள் அடைத்துவிடுவது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்த இரண்டு நாளையும் ஏற்கெனவே சாப்பிட்டுப் பிடித்துப்போன கடைகளுக்கும் அங்கே பழகிய மனிதர்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். ஹனோயில் நான் அப்படித்தான் செய்தேன். எப்படித் திட்டம் போட்டேன், எதை எப்போது சாப்பிட்டேன், எப்படி விடைபெற்றேன் என்று சொல்கிறேன். வியட்நாம் போகிறவர்களுக்கு நேரடியாக உதவும். வேறு நாடு போகிறவர்கள் அந்த ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

தம்பி அங்கே வேலை பார்க்கிறான். மேற்கு ஏரிக்குப் பக்கத்தில், தூய் குவே தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் மாடிப் போர்ஷன். கீழ்வீட்டில் வீட்டுக்காரப் பாட்டி. நான் போய் இறங்கியது செப்டம்பர் கடைசி, டிக்கெட் போட்டிருந்தது அக்டோபர் 21 இரவுக்கு. ஹனோயின் இலையுதிர் காலம் அது. சாயங்காலம் ஆனால் தெருவெல்லாம் ஒரு கனத்த பூ வாசனை. எந்த மரம் என்று தேடிப் பார்த்தால் நம் ஏழிலைப்பாலை! நம் ஊரில் யாரும் கண்டுகொள்ளாத அந்த மரத்தின் பூவை ஹனோய்க்காரர்கள் இலையுதிர் காலத்தின் அடையாளமாகவே கொண்டாடுகிறார்கள்.

தம்பி காலையில் போனால் இரவுதான் வருவான். அதனால் பகல் முழுக்க நான் தனியாகச் சுற்றினேன், தனியாகச் சாப்பிட்டேன். தனியாகச் சாப்பிடுகிறவரிடம் கடைக்காரர்கள் சீக்கிரம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கடைசி சனிக்கிழமை தம்பி ஆரம்பித்தான். "அக்கா, ஹா லாங் வளைகுடா பாக்காம போனா ஊர்ல எல்லாரும் கேப்பாங்க. விரைவுச் சாலைல ரெண்டரை மணி நேரம்தான். போய்ட்டு வந்துருவோம்." "நீ ஆபீஸ் ஆளுங்களோட போய்க்கோடா, நான் பான் குவோன் சாப்பிடப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். ஆவியில் வேகவைத்துச் சுருட்டித் தரும் மெல்லிய அரிசித் தாள்தான் பான் குவோன். ஹா லாங் அங்கேயேதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் தட்டை எடுத்து வைக்கிற கடைக்காரம்மாவை அடுத்த முறை வரும்போது அதே முனையில் பார்ப்பேன் என்பதற்கு யார் உத்தரவாதம்?

அன்று இரவு ஒரு பட்டியல் போட்டேன். இணையத்தில் பேர்போன கடைகள் எதையும் அதில் சேர்க்கவில்லை. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து நாக்கு எதைக் கேட்கும் என்று மட்டும் யோசித்து எழுதினேன். வந்தவற்றுக்குப் பக்கத்திலேயே கடை திறந்திருக்கும் நேரத்தையும் குறித்தேன். ஹனோயில் இதுதான் முக்கியம். அங்கே ஒரு கடை ஒரே ஒரு பண்டத்தைத்தான் செய்யும், அதற்கென்று ஒரு பொழுது இருக்கும். சோய் என்கிற ஒட்டரிசிச் சோறு காலையில். ஃபோ என்கிற அரிசி நூடுல்ஸ் சூப்பும் காலையில்தான் சுகம், அடுப்பில் இரவெல்லாம் கொதித்த எலும்புச் சாறு அப்போதுதான் முழுத் தெளிவாக இருக்கும். வாட்டிய கறியும் அரிசிச் சேமியாவும் சேர்ந்த புன் சா பத்தரை மணிக்குமேல் கரி மூட்டி, மதியம் இரண்டுக்குள் முடிந்துவிடும். மஞ்சளும் சதகுப்பையும் போட்டு மேசையிலேயே வதக்கித் தரும் சா கா மீனை இரவில் வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பொழுதைப் பார்த்துப் பிரித்தால் இரண்டு நாளில் ஐந்தாறு பண்டம் நிம்மதியாக அடங்கும். பார்க்காமல் போனால் பாதிக் கடை வாசலில் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைத்தான் பார்க்க முடியும்.

இன்னொன்றும் உண்டு. முக்கியமான கடை எதையும் கிளம்பும் நாள் காலைக்கு வைக்காதீர்கள். அன்றைக்கென்று மழை பெய்யும், கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருப்பார். முந்தின நாளே போய்விட்டால், கடை இல்லையென்றாலும் மறுநாள் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பான் குவோன் கடைக்குப் போனேன். சந்து முனையில் இரண்டு பானை, நாலைந்து பிளாஸ்டிக் முக்காலி, அவ்வளவுதான் கடை. கொதிக்கிற பானையின் வாயில் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள், நம் இட்லித் துணி மாதிரியே, ஆனால் பறைத்தோல் கணக்காக இறுக்கி. அந்த அம்மா ஒரு கரண்டி அரிசிமாவை அதன் நடுவே ஊற்றி, கரண்டியின் அடியாலேயே இரண்டு சுற்று சுற்றுவார். மாவு துணியின் ஓரம்வரை மெல்லிசாகப் படரும். மூடி போட்டு அரை நிமிடம். மூடியைத் திறந்ததும் நீளமான மூங்கில் பட்டையை ஒரு பக்கமாக நுழைத்து அப்படியே தூக்கினால், தாள் கிழியாமல் பட்டையில் தொங்கிக்கொண்டு வரும். அதை எண்ணெய் தடவிய தட்டில் விரித்து, கொத்திய பன்றிக்கறியும் கருங்காளானும் வைத்துச் சுருட்டி, கத்தரிக்கோலால் துண்டு போட்டு, மேலே பொரித்த சின்ன வெங்காயம் தூவி நீட்டுவார். தொட்டுக்கொள்ள நீர்த்த மீன்சாறு (ஃபிஷ் சாஸ்), இளம்புளிப்பும் இனிப்புமாக. இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள். மற்ற நாட்களில் பசியில் வேகமாகத் தின்றுவிட்டு எழுந்ததால் அந்தக் கையை நான் சரியாகக் கவனித்ததில்லை. கடைசி நாட்களில்தான் உட்கார்ந்து பார்த்தேன். மாவு ஊற்றும்போது அவர் துணியைப் பார்ப்பதே இல்லை. பக்கத்து அடுப்பில் வேகும் அடுத்த தாளின் மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே எதுவும் வைக்காத வெறும் பான் குவோன் கிடைக்கும், ஆனால் சாறு மீன்சாறாகத்தான் இருக்கும். 'சாய்', அதாவது சைவம், என்று பலகை போட்ட கடைகளில் மட்டுமே முழு நம்பிக்கையோடு சாப்பிடலாம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது ஏறக்குறைய நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அங்கே நிறையப் பேர் சைவம் சாப்பிடுவார்கள். அந்த நாட்களில் சாய் உணவு எளிதாகக் கிடைக்கும், வகையும் அதிகம்.

மதியம் புன் சா. 2016 மே மாதம் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் சமையல்கலைஞர் ஆன்டனி போர்டெய்னும் உட்கார்ந்து சாப்பிட்ட மேசையை லே வான் ஹூ தெருக் கடையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பயணத்தின் ஆரம்பத்திலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். கடைசி நாளுக்குத் தினம் போன முனைக் கடைதான் சரி. கரியில் வாட்டிய கறியைச் சாற்றோடு கிண்ணத்தில் போட்டு, ஒரு தட்டு அரிசிச் சேமியாவும் ஒரு குவியல் இலையும் வைப்பார்கள். அந்த இலைகளைச் சாப்பிடாமல் ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. புதினா, ஊதா நிறப் பெரில்லா, பேர் தெரியாத இன்னும் இரண்டு. வாய்க்கு வாய் ஒரு இலையை மாற்றிச் சேர்த்துப் பாருங்கள், ஒரே கிண்ணத்தில் நாலு ருசி வரும். ஊருக்கு வந்த பிறகு நான் அதிகம் தேடியது அந்த இலைகளைத்தான்.

வயிறு விஷயத்திலும் கவனம் வேண்டும். கடைசி நாளில் புதிதாக எதையும் சோதிக்காதீர்கள். நத்தை, சிப்பி, பச்சையாகச் சாப்பிடும் வகைகள் எல்லாவற்றையும் பயணத்தின் நடுவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பழகிய கடை, கண்ணெதிரே கொதிக்கிற பண்டம், இரண்டு பேராகப் போனால் ஒரு தட்டைப் பகிர்ந்துகொள்வது, இவ்வளவு போதும். விமானத்தில் வயிறு மக்கர் பண்ணினால் சாப்பிட்ட நல்ல சாப்பாடெல்லாம் மறந்துபோகும்.

மூன்று மணிவாக்கில் முட்டைக் காபி. 1946 காலத்தில் பால் தட்டுப்பாடு. அப்போது மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜியாங் என்பவர், பாலுக்குப் பதில் முட்டை மஞ்சள்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காபிமேல் ஊற்றினார். அவர் குடும்பத்தார் இன்றும் நுயென் ஹூ ஹுவான் தெருவில் அந்தக் கடையை நடத்துகிறார்கள். கோப்பை ஆறாமல் இருக்க அதைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துத் தருவார்கள். உலகத்திலேயே ரொபஸ்டா காபி அதிகம் விளைவது வியட்நாமில்தான். அந்தக் கசப்புக்கு இந்த இனிப்பு நுரை பிரமாதமாகப் பொருந்துகிறது. கலக்காமல் முதலில் நுரையைக் கரண்டியில் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் காபிக்கு வாருங்கள்.

இனி விடைபெறும் விஷயம். விடியற்காலையில் போய்ச் சொல்லிக்கொள்வது நல்லதல்ல. நம் ஊர் போணி நம்பிக்கை அங்கேயும் அப்படியே இருக்கிறது. முதலில் வருகிறவர் வாங்காமல் போனாலோ, பேரம் பேசிவிட்டு நடையைக் கட்டினாலோ அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று நினைப்பார்கள். கூட்டம் கரைந்து, கடைக்காரர் தனக்கென்று ஒரு டீ ஊற்றிக்கொள்ளும் நேரம் ஒன்று இருக்கும். அப்போது போங்கள். பேச நேரம் இருக்கும், முக்காலியை இழுத்துப் போடுவார்கள்.

கையில் கொடுக்க என்ன கொண்டுபோவது? பணம் கொடுப்பது சங்கடம், வாங்கமாட்டார்கள், மனசும் வருத்தப்படும். ஊரிலிருந்து கொண்டுபோன பண்டத்தில் பாதியைக் கடைசி நாட்களுக்கென்று பிரிக்காமல் எடுத்து வையுங்கள். நான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொண்டுபோயிருந்தேன். பிளாட்பாரத்து டீக்கடைப் பாட்டியிடம் ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினேன் (அங்கே பெரியவர்களுக்கு ஒற்றைக் கையால் கொடுப்பது மரியாதைக் குறைவு). பிரித்துப் பார்த்தவர் ஓவென்று சிரித்துவிட்டார். தன் கண்ணாடி ஜாடியைத் திறந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்தார். அதுவும் கடலைமிட்டாய்! கேயோ லாக் என்று பேர், பச்சைத் தேநீரோடு கடிக்கத் தருவார்கள். ஆளுக்கொன்று மாற்றிக் கடித்துப் பார்த்தோம். நான் கொண்டுபோனதில் வெல்லம் அதிகம் என்று கையாலேயே காட்டினார். அவருடையதில் எள் மணம் தூக்கல்.

புகைப்படம் எடுப்பதாக இருந்தால் முந்தின வாரமே எடுத்து, கடையில் அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். கைப்பேசியில் காட்டுவதைவிட இது பல மடங்கு மேல். பான் குவோன் அம்மாவின் கையும் மூங்கில் பட்டையும் தெரிகிற படத்தைக் கொடுத்தபோது, அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, பின்னால் ஈரம் படாத இடமாகத் தேடி வைத்தார். ஒரு எச்சரிக்கை: மூன்று பேராக நின்று படம் எடுப்பதை அங்கே பலர் விரும்புவதில்லை, நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார்கள். நாலாவதாக ஒருவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டால் போதும், எல்லோருக்கும் சந்தோஷம்.

அக்டோபர் 20 வியட்நாமில் பெண்கள் தினம். அன்று ஊரே பூ வாங்கும். மேற்கு ஏரிக்கு அந்தப் பக்கம் குவாங் பா பூச்சந்தை நள்ளிரவில் களைகட்டி விடியும்வரை நடக்கும். தம்பி அங்கே ஸ்கூட்டரில் கூட்டிப்போனான். தண்டோடு கட்டிய ரோஜாக் கட்டு, செவ்வந்திக் கட்டு என்று மூட்டை மூட்டையாக இறங்குகிறது. ரோஜாக் கட்டுகள் வாங்கி வந்து, காலை வியாபாரம் முடிந்த பிறகு பான் குவோன் அம்மாவுக்கும் டீக்கடைப் பாட்டிக்கும் புன் சா கடை அக்காவுக்கும் கொடுத்தோம். நான் ஊருக்குப் போகிறேன் என்பதை அன்று பெரிதாகச் சொல்லவே தேவைப்படவில்லை. பூவைக் கொடுத்து, விமானம் போல் கையைக் காட்டினேன். புன் சா அக்கா என் கையைப் பிடித்து விடாமல், வெகுநேரம் வியட்நாமியத்தில் ஏதேதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நானும் தமிழிலேயே பதில் சொன்னேன். உங்கள் நாளோடு பொருந்துகிற ஒரு திருநாளோ சந்தையோ அந்த ஊரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். விடைபெறுவதை அது மிக எளிதாக்கிவிடும்.

அன்று இரவு வீட்டுக்காரப் பாட்டி சாப்பிடக் கூப்பிட்டார். வட வியட்நாமில் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. வயதில் சின்னவர்கள், பெரியவர்கள் ஒவ்வொருவரையும் விளித்து "சாப்பிடுங்கள்" என்று சொன்ன பிறகுதான் குச்சியை எடுக்க வேண்டும். தம்பி அதைக் கற்றுவைத்திருந்தான், பாட்டிக்கு அவ்வளவு பெருமை. வட்டத் தட்டில் வேகவைத்த வள்ளைக்கீரை, அந்தக் கீரைத் தண்ணீரிலேயே சௌ என்ற புளிப்புக் காயைப் போட்ட ரசம், தக்காளியில் வேகவைத்த டோஃபு, நெம் என்கிற பொரித்த சுருள். சௌ கோடையில் காய்ப்பது. பாட்டி வருஷம் முழுவதற்கும் அதை ஃப்ரீசரில் சேர்த்துவைத்திருக்கிறார். அந்த ரசம் எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்து இரண்டு காயைக் கூடப் போட்டிருந்தார். கிண்ணம் காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே இருந்தார். போதும் என்று சொல்ல வேண்டுமானால் கடைசி வாயைக் கிண்ணத்தில் கொஞ்சம் விட்டுவைக்கலாம் என்று தம்பி கிசுகிசுத்தான். எனக்கு விட்டுவைக்க மனமில்லை. இன்னொன்று, சோற்றில் குச்சியை நட்டுவைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவது அப்படித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் பாட்டி பெரிய பம்பளிமாஸ் பழம் ஒன்றை ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லி நீட்டினார். பச்சைப் பழம், விதை, செடி, இறைச்சி எதையும் விமானத்தில் ஊருக்குக் கொண்டுவருவது வம்பு. ஆனால் கொடுத்ததை மறுக்கவும் கூடாது. வாங்கி, அங்கேயே உரித்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சுளை சுளையாகச் சாப்பிட்டோம். எடுத்துப்போக முடியாத பரிசு வந்தால் இதுவே வழி.

எடுத்து வர முடிந்தவை: ஹாங் துவாங் தெருவில் ஓ மாய், உப்பும் இனிப்புமாய்ப் பதப்படுத்திய பழங்கள். அதில் சௌவும் உண்டு, இஞ்சி சேர்த்ததும் உண்டு. அங்கே விலையை நூறு கிராமுக்குச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது, கிலோவுக்கா நூறு கிராமுக்கா என்று கேட்டுவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். மேற்கு ஏரித் தாமரைத் தேயிலை விலை அதிகம், அதற்குக் காரணம் உண்டு. தாமரை மகரந்தத் தாளின் நுனியிலுள்ள வெள்ளை அரிசி போன்ற மணியைக் கையால் உதிர்த்து, தேயிலையோடு அடுக்கி, உலர்த்தி, மறுபடி அடுக்கி மணம் ஏற்றுகிறார்கள். ஒரு கிலோவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் வேண்டும். நூறு கிராம் வாங்கினாலே பெரிய பரிசு. மீன்சாறு வாங்க ஆசைப்பட்டால் விமான நிறுவனத்தின் விதியை முதலில் பாருங்கள். பெட்டிக்குள்கூட ஏற்காத நிறுவனங்கள் உண்டு.

மிச்சப் பணத்தை டாங்காகக் கொண்டுவராதீர்கள், நம் ஊரில் மாற்றுவது கஷ்டம். தேயிலையாகவோ காபியாகவோ ஆக்கிவிடுங்கள். 20,000 டாங் தாளும் 500,000 டாங் தாளும் இரண்டுமே நீலம். அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு போய்விடும். கடைசி நாளில் பெரிய தாளைத் தனியாக மடித்து வையுங்கள். யாரோடாவது தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்றால் ஸாலோ செயலியை உள்ளூர் சிம் வேலை செய்யும்போதே போட்டு எண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வாட்ஸ்அப் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. நோய் பாய் விமான நிலையத்துக்கு நகரத்திலிருந்து 86 ஆம் எண் பேருந்து போகிறது, பெட்டி அதிகம் இல்லாதவர்களுக்கு அதுவே போதும்.

கிளம்பும் நாள் மதியம் வாங்கியது கோம் மட்டும். முற்றாத ஒட்டரிசி நெல்லை வறுத்து இடித்த பச்சை அவல், ஹனோயின் இலையுதிர் காலப் பண்டம். தாமரை இலையில் மடித்து வைக்கோலால் கட்டித் தருவார்கள். புதிது ஒரு நாளைக்குமேல் தாங்காது, அதனால்தான் கடைசியில் வாங்க வேண்டும், கைப்பையில் வைக்க வேண்டும். அள்ளிப் போட்டுக்கொள்ளாமல், புள்ளி விழுந்த பழுத்த வாழைப்பழத்தோடு விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுவார்கள். கோலாலம்பூரில் விமானம் மாறி, மறுநாள் வீட்டில் பிரித்தபோதும் தாமரை இலை மணம் அப்படியே இருந்தது. அம்மா ஒரு கிள்ளு வாயில் போட்டுவிட்டு, "இது மாப்பிள்ளைச் சம்பா அவல் இல்லையே, பால் மாதிரி இருக்கு" என்றாள்.

பாதியை அப்போதே சாப்பிட்டோம், பாதியை ஃப்ரீசரில் போட்டேன். ஹனோய்க்காரர்களும் அப்படித்தான் வைக்கிறார்கள். தீபாவளிக்கு அதில் பாயசம் செய்தேன்: தண்ணீரில் சர்க்கரை கரைந்து கொதித்ததும் மரவள்ளி மாவைக் கரைத்து ஊற்றி, கண்ணாடி போல் ஆனதும் அடுப்பை அணைத்துவிட்டு, அப்புறம் கோமைத் தூவிக் கலக்க வேண்டும். கொதிக்கும்போது போட்டால் பச்சை நிறம் போய் மொத்தையாகிவிடும். படம் எடுத்து வீட்டுக்காரப் பாட்டியின் பேத்திக்கு ஸாலோவில் அனுப்பினேன். மாவு கொஞ்சம் அதிகம், அடுத்த தடவை குறைக்கவும் என்று பாட்டி சொன்னதாகப் பதில் வந்தது.